ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கலிஃபோர்னியா எப்படி இப்படி ஆச்சு? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

நான் கலிஃபோர்னியால சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல ஃப்ரீமான்ட்ல குடியிருக்கேன். வீட்டுக்கு யார் வந்தாலும் பேச்சு கடைசில வீட்டு விலை, ப்ராப்பர்ட்டி டாக்ஸ், தண்ணி, ட்ராஃபிக்னு அங்கதான் போய் நிக்கும். புதுசா வந்த பசங்க கேக்குற கேள்வி முக்கால்வாசி ஒண்ணுதான், ஒவ்வொரு தடவையும் பாதி கதை சொல்லி நிறுத்திடறேன், ஏன்னா முழுசா சொல்லணும்னா 1940க்குப் போகணும். அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு பதிலை எழுதி வச்சுட்டேன். வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில் முன்னாடி சொன்னதை நம்பித்தான் இருக்கு.

கலிஃபோர்னியால கூட்டம் சேந்ததே சாஃப்ட்வேர் வந்தப்புறம்தானே அண்ணா?

இல்லப்பா. பெரிய கூட்டம் வந்தது அதுக்கு ரொம்ப முன்னாடி. 1940 சென்சஸ்ல மொத்தம் 69 லட்சம் பேர். 1950ல 1 கோடியே 6 லட்சம். 1960ல 1 கோடியே 57 லட்சம். 1970ல கிட்டத்தட்ட 2 கோடி. முப்பது வருஷத்துல மூணு மடங்கு! 1960கள் ஆரம்பத்துலயே நியூயார்க்கைத் தாண்டி நாட்டுலயே அதிக ஜனம் உள்ள மாநிலம் ஆயிடுச்சு. ஆப்பிள் கம்பெனி ஆரம்பிச்சதே 1976ல, அதுக்குள்ள இதெல்லாம் முடிஞ்ச கதை.

1970க்கு அப்புறம் அந்த 2 கோடி இன்னொரு மடங்கு ஆக அம்பது வருஷம் ஆச்சு. அதனால நாம இன்னைக்கு பாக்குற ஃப்ரீவே, காலேஜ், தண்ணிக் கால்வாய், தனித்தனி சிட்டி, இதுல பெரும்பகுதி 1945ல இருந்து 1970க்குள்ள போட்ட அஸ்திவாரம். நாம அதுமேல குடி வந்தவங்க.

ஏன் அங்க போய் எல்லாரும் குவிஞ்சாங்க? வெயில் நல்லா இருக்குன்னா?

வெயிலும் ஒரு காரணம், ஆனா முதல் காரணம் போர். ஜப்பானோட சண்டை பசிபிக்ல நடந்துச்சு, அதனால கப்பல் கட்டறது, விமானம் கட்டறது, ராணுவத்தை ஏத்தி அனுப்பறது எல்லாம் இந்தக் கரைலதான். நம்ம பக்கத்துல இருக்கற ரிச்மண்ட் 1940ல சுமார் 23,000 பேர் இருந்த ஊரு, கைசர் கப்பல் பட்டறை வந்து மூணே வருஷத்துல ஒரு லட்சத்தைத் தொட்டுச்சு. பர்பேங்க்ல லாக்ஹீட், சான்டா மோனிகாலயும் லாங் பீச்லயும் டக்ளஸ், சான் டியேகோல கான்வேர்னு தெக்கு பக்கம் பூரா விமானத் தொழிற்சாலை. ஓக்லஹாமா, டெக்சஸ், ஆர்கன்சா, அயோவான்னு எங்கெங்கிருந்தோ வந்தாங்க, லூயிசியானாலேருந்தும் டெக்சஸ்லேருந்தும் கறுப்பின மக்கள் லட்சக்கணக்குல வந்தாங்க, மெக்சிகோலேருந்து 1942ல ஆரம்பிச்ச பிரசேரோ ஒப்பந்தத்துல வயல் வேலைக்கு ஆள் வந்தாங்க.

போர் முடிஞ்சா திரும்பிப் போயிருக்கணும்ல? போகல. இந்த வழியா பசிபிக்குப் போன சிப்பாய்ங்க நிறைய பேர் ஊரைப் பாத்துட்டு குடும்பத்தோட திரும்பி வந்தாங்க. சோவியத்தோட பனிப்போர் ஆரம்பிச்சதால வாஷிங்டன் பணம் விமானத்துக்கும் ஏவுகணைக்கும் தொடர்ந்து கொட்டுச்சு, வேலை குறையவே இல்ல. வந்தவங்க எல்லாம் இளவயசு, கல்யாணம் ஆச்சு, குழந்தை பிறந்துச்சு, அதுலயும் ஜனத்தொகை ஏறுச்சு.

இவ்வளவு பேருக்கும் வீடு எங்கிருந்து வந்துச்சு?

வயல்லேருந்து, தோட்டத்துலேருந்து. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல லேக்வுட்னு ஒரு ஊர், 1950ல ஆரம்பிச்சு மூணு வருஷத்துல 17,500 வீடு கட்டினாங்க. கார் ஃபேக்டரி மாதிரி, ஒரு டீம் அஸ்திவாரம் போட்டுட்டே போகும், பின்னாடியே இன்னொரு டீம் மரச்சட்டம் நிறுத்தும். போர்ல இருந்து வந்தவங்களுக்கு 1944ல வந்த ஜிஐ சட்டத்துல அரசாங்க உத்தரவாதத்தோட கடன், முன்பணமே இல்லாம, இல்ல ரொம்பக் கொஞ்சமா கட்டி வீட்டுக்குள்ள போயிடலாம்.

நம்ம பக்கம் சான்டா கிளாரா பள்ளத்தாக்கு முழுக்க ப்ளம், ஆப்ரிகாட் தோட்டமா இருந்த இடம். 1950ல அந்த கவுண்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) 3 லட்சத்துக்கும் கம்மியா இருந்த ஜனம் 1970ல 10 லட்சத்தைத் தாண்டிடுச்சு. சன்னிவேல் கம்யூனிட்டி சென்டர் பக்கத்துல இன்னும் ஒரு ஆப்ரிகாட் தோட்டத்தை சிட்டியே வச்சுப் பாத்துக்கறாங்க, போனா பாருங்க. பூ பூக்கற மாசத்துல அங்க நின்னா இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க எப்படி இருந்திருக்கும்னு ஒரு நிமிஷம் மனசு கனத்துப் போகும்.

ஸ்கூல்தான் பெரிய திண்டாட்டம். வீடு மூணு மாசத்துல வந்துடும், ஸ்கூல் வராது. பல ஊர்ல காலைல ஒரு செட் பசங்க, மத்தியானம் ஒரு செட்னு அரை நாள் வகுப்பு ஓட்டினாங்க.

ஒரே மாதிரி இருக்கற ஊருங்க ஏன் இத்தனை தனித்தனி சிட்டியா இருக்கு? ஃப்ரீமான்ட், நியூவார்க், யூனியன் சிட்டி, மில்பீட்டஸ்... ரோட்டைத் தாண்டினா வேற மேயர்!

இது அந்த வளர்ச்சியோட நேரடி விளைவு. பெரிய சிட்டி பக்கத்து நிலத்தை எல்லாம் இழுத்துப் போட்டுக்க ஆரம்பிச்சுச்சு. சான் ஹோசே 1950ல 95,000 பேர், 1970ல கிட்டத்தட்ட 4 லட்சத்து 46 ஆயிரம், அந்த ரெண்டுக்கும் நடுவுல சிட்டி மேனேஜரா இருந்த டட்ச் ஹாமன் தோட்டம் தோட்டமா சிட்டியோட சேத்துட்டே போனாரு. அதைப் பாத்து பயந்த சின்ன ஊர்க்காரங்க நாமளே சிட்டி ஆயிடுவோம், அப்பதான் நம்ம வரியும் நம்ம நிலமும் நம்ம கைல இருக்கும்னு முடிவு பண்ணாங்க. மில்பீட்டஸ் 1954, நியூவார்க் 1955, ஃப்ரீமான்ட் 1956, யூனியன் சிட்டி 1959. ஃப்ரீமான்ட்டே சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்ப்ரிங்ஸ்னு அஞ்சு சின்ன ஊர் சேந்ததுதான்.

சிட்டி ஆகறதுக்குக் காசு வேணும்ல, போலீஸ், ஃபயர் சர்வீஸ் எல்லாம் யார் தருவா? இங்கதான் அந்த லேக்வுட் திரும்ப வருது. 1954ல அவங்க தனி சிட்டி ஆனாங்க, ஆனா போலீஸ் முதல் பல வேலைகளை கவுண்ட்டி கிட்டயே காசு கொடுத்து வாங்கிக்கிட்டாங்க. அடுத்த வருஷமே சேல்ஸ் டாக்ஸ்ல ஒரு பங்கு நேரா உள்ளூருக்கு வர்ற மாதிரி பிராட்லி-பர்ன்ஸ் சட்டம் வந்துச்சு. அப்புறம் கேக்கணுமா, லாஸ் ஏஞ்சல்ஸ் சுத்தி வரிசையா சிட்டி முளைச்சுச்சு. தொழிற்சாலைக்குன்னே சிட்டி ஆஃப் இண்டஸ்ட்ரி, பால் பண்ணைக்குன்னே டெய்ரி வேலி! அந்த டெய்ரி வேலிதான் இன்னைக்கு செரிட்டோஸ்.

சிட்டி ஆனா என்ன கிடைக்கும்? எந்த நிலத்துல என்ன கட்டலாம், எவ்வளவு சின்ன ப்ளாட் போடலாம், அபார்ட்மென்ட் வரலாமா கூடாதான்னு முடிவு பண்ற அதிகாரம். இதை ஞாபகம் வச்சுக்குங்க, வீட்டு விலைக்குப் போகறப்ப திரும்ப வருவோம்.

அப்ப வந்த எல்லாருக்கும் வீடு கிடைச்சுதா? வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தானா?

பெரும்பாலும் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான். இதை மழுப்பாம சொல்லணும். வீட்டுப் பத்திரத்துலயே இந்த இனத்துக்காரங்களுக்கு விக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருந்தாங்க. 1948ல சுப்ரீம் கோர்ட் அந்த ஷரத்தைக் கோர்ட் மூலமா அமல்படுத்த முடியாதுன்னு சொல்லிடுச்சு, ஆனா கடன் தர்றவங்களும் விக்கிறவங்களும் பழைய வழக்கத்தை விடல. கறுப்பின மக்கள் 1940ல 1 லட்சத்து 24 ஆயிரம் பேர், 1960ல 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல, ஆனா அவங்க குடியிருக்க விட்ட ஏரியா அந்த அளவுக்கு வளரவே இல்ல. வில்லி மேஸ் அந்தக் காலத்துல நாடே கொண்டாடின பேஸ்பால் ஆட்டக்காரர், அவர் டீம் 1957ல சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாறுறதா முடிவாச்சு, அவரு வீடு வாங்கப் போனா முதல்ல முடியாதுன்னுட்டாங்க, மேயர் தலையிட்டப்புறம்தான் வித்தாங்க. அவருக்கே அப்படின்னா வெல்டிங் வேலை பாத்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

மில்பீட்டஸ்ல சன்னிஹில்ஸ்னு ஒரு ஏரியா இருக்கே, அது சும்மா வரல. 1955ல ஃபோர்டு கார் ஆலை ரிச்மண்ட்லேருந்து மில்பீட்டஸுக்கு மாறுச்சு, அங்க வேலை பாத்த கறுப்பினத் தொழிலாளிகளுக்கு இந்தப் பக்கம் வீடு தர ஆளில்ல, அதனால தொழிற்சங்கமே முன்னாடி நின்னு எல்லா இனத்தவரும் சேந்து இருக்கற மாதிரி அந்தக் குடியிருப்பைக் கொண்டு வந்துச்சு. அங்கேருந்து வந்த பென் கிராஸ்ங்கறவர் 1960கள்ல மில்பீட்டஸ் மேயராவே ஆனாரு.

சட்டம் 1963ல வந்துச்சு, ரம்ஃபோர்டு சட்டம், வீடு விக்கறதுல வாடகைக்கு விடறதுல இனம் பாக்கக் கூடாதுன்னு. அடுத்த வருஷமே ப்ராப் 14னு பொது வாக்கெடுப்பு வச்சு, கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு ஓட்டோட அந்தச் சட்டத்தை முடக்கினாங்க. அதே நவம்பர் 1964ல அதே ஜனம்தான் ஜனாதிபதி தேர்தல்ல சிவில் உரிமைச் சட்டத்துல கையெழுத்து போட்ட ஜான்சனுக்கு அமோகமா ஓட்டு போட்டுச்சு. 1965 ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சல்ஸ் வாட்ஸ்ல கலவரம், 34 பேர் செத்தாங்க. ப்ராப் 14 செல்லாதுன்னு கோர்ட் 1966லயும் 1967லயும் சொன்னது அப்புறம்தான்.

அந்தக் காலத்துல இந்தியர்கள் யாராவது இருந்தாங்களா?

இருந்தாங்க, பஞ்சாபி விவசாயிங்க, கொஞ்சம் பேர்தான். 1946 வரைக்கும் இந்தியர்களுக்குக் குடியுரிமையே கிடையாது. அந்தச் சட்டம் மாறினப்புறம் 1949ல குடிமகன் ஆன தலிப் சிங் சவுந்த், 1956லயே கலிஃபோர்னியாலேருந்து அமெரிக்க காங்கிரஸுக்கு ஜெயிச்சுப் போனாரு, ஆசியாவுலேருந்து வந்தவங்கள்ல முதல் ஆள். எல்லாரும் புதுசா வந்தவங்களா இருக்கற ஊர்ல உள்ளூர் பரம்பரைக்கு மதிப்பு குறைச்சல், அதனாலதான் இதெல்லாம் முடிஞ்சதுன்னு நான் நினைக்கிறேன்.

ரோடு, அணை, காலேஜ்னு இவ்வளவு கட்ட காசு எங்கிருந்து? வரி கட்ட ஜனம் சும்மா ஒத்துக்கிச்சா?

அப்ப ஒத்துக்கிச்சு, அதுதான் ஆச்சரியம். ஏர்ல் வாரன் 1943லேருந்து 1953 வரைக்கும் கவர்னர், ரிபப்ளிகன். போர்க்காலத்துல வந்த உபரி வரியை வாரி இறைக்காம, போர் முடிஞ்சா வரப்போற கூட்டத்துக்குன்னு ஒதுக்கி வச்சாரு. 1947ல பெட்ரோல் வரியைக் காலனுக்கு 3 சென்ட்லேருந்து 4.5 சென்ட் ஆக்கி அதை ரோட்டுக்கே ஒதுக்கினாங்க, நாம இன்னைக்கு ஓட்டற ஃப்ரீவே எல்லாம் அந்த காலியர்-பர்ன்ஸ் சட்டத்தோட வழித்தோன்றல். சம்பளம் ஏறிட்டே இருந்துச்சு, வீடு சொந்தமா இருந்துச்சு, பிள்ளைங்களுக்கு ஸ்கூல் வேணும்னு தேவை கண்ணு முன்னாடி நின்னுச்சு, அதனால கடன் பத்திரத்துக்கெல்லாம் ஜனம் ஓட்டு போட்டுச்சு.

காலேஜ் கதையும் அதேதான். 1960ல யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) தலைவர் கிளார்க் கெர் முன்னின்னு செஞ்ச மாஸ்டர் ப்ளான்: ஸ்கூல் முடிக்கறவங்கள்ல மேல உள்ள எட்டுல ஒரு பங்கு யூசிக்கு, மூணுல ஒரு பங்கு ஸ்டேட் காலேஜுக்கு, மத்த எல்லாருக்கும் கம்யூனிட்டி காலேஜ், உள்ளூர்ப் பிள்ளைங்களுக்கு ட்யூஷன் ஃபீஸ் இல்ல. சான் டியேகோ, இர்வைன், சான்டா க்ரூஸ் யூசி கேம்பஸ் எல்லாம் அந்த நேரத்துல எழும்பினதுதான். இன்னைக்கு பிள்ளைங்க அட்மிஷனுக்கு நாம படற பாட்டைப் பாக்கும்போது, ஒரு மாநிலம் ஒரு காலத்துல தன் பிள்ளைங்க எல்லாருக்கும் இடம் இருக்குன்னு எழுதிக் கொடுத்துச்சேன்னு நினைச்சா எனக்கு உண்மையிலேயே மரியாதை வருது.

தண்ணி சண்டை என்ன? வடக்கு கலிஃபோர்னியாக்காரங்க தெக்கத்திக்காரங்களைத் திட்டறாங்களே?

மழை, பனி பெரும்பகுதி வடக்குல. ஜனமும் பாசன நிலமும் பெரும்பகுதி தெக்க. அதனால கவர்னர் பேட் பிரௌன் 1960ல ப்ராப் 1னு 175 கோடி டாலர் கடன் பத்திரத்தை ஜனங்க முன்னாடி வச்சாரு. வடக்குல ஓரோவில்ல 770 அடி அணை, அங்கேருந்து வர்ற தண்ணி டெல்டா வழியா வந்து, 444 மைல் கால்வாய்ல ஓடி, தெஹாச்சபி மலையை ஏறத்தாழ 1,900 அடி பம்ப் பண்ணி ஏத்தித் தெக்க இறக்கணும். மலைமேல ஆத்தைத் தூக்கி அந்தப் பக்கம் விடற வேலை.

ஓட்டுல மயிரிழையில ஜெயிச்சுச்சு. தெக்கத்தி ஓட்டுதான் தூக்கி விட்டுச்சு, வடக்குல ஆதரவா ஓட்டு போட்டது பியூட் கவுண்ட்டி மட்டும்தான், ஏன்னா அணை கட்டற வேலையே அங்கதான் வரப்போகுது. மத்த வடக்கத்திக்காரங்களுக்கு நம்ம தண்ணியை ஓட்டு பலத்தால எடுத்துட்டுப் போறாங்கன்னு ஆத்திரம். அந்தக் கோபம் ஆறல, 1982ல டெல்டாவைச் சுத்திக் கால்வாய் வெட்டற திட்டம் வந்தப்ப வாக்கெடுப்புல தோக்கடிச்சாங்க. 2017 பிப்ரவரில ஓரோவில் உபரிநீர் வழி உடைஞ்சு 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல ஜனத்தை ராத்திரியோட ராத்திரியா வெளியேத்தினாங்களே, அது இதே அணைதான்.

ஜனம் தெக்க குவிஞ்சா எம்எல்ஏ சீட்டும் அங்கதானே போகும்? அப்புறம் வடக்குக்காரங்க பயப்படறதுக்கு என்ன இருக்கு?

நல்ல கேள்வி, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும். போகல! 1926ல ஒரு விதி போட்டாங்க: மாநில செனட்ல ஒரு கவுண்ட்டிக்கு ஒரு செனட்டருக்கு மேல கிடையாது, எவ்வளவு ஜனம் இருந்தாலும் சரி. மூணு கவுண்ட்டிக்கு மேல ஒரு செனட்டரைப் பங்கு போடவும் கூடாது. 1960ல லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்ட்டில 60 லட்சம் பேர், ஒரு செனட்டர். மலைப்பக்கம் ஆல்பைன், இன்யோ, மோனோ மூணு கவுண்ட்டியும் சேந்து 14,000 சொச்சம் பேர், அங்கயும் ஒரு செனட்டர். 400 மடங்குக்கு மேல வித்தியாசம். மேல சொன்ன ஃப்ரீவே சட்டத்துல பேர் இருக்கே காலியர், அவரு ஒரேகான் எல்லையோரம் சிஸ்கியூ கவுண்ட்டி செனட்டர், பெரிய நகரமே இல்லாத இடம். நகரத்து ரோட்டைக் கூட கிராமத்து செனட்டர்தான் தீர்மானிச்சாங்க.

1948ல இதை மாத்தணும்னு வாக்கெடுப்பு வந்தப்ப கவர்னர் வாரன் கூடாதுன்னு நின்னாரு, அதுவும் தோத்துப் போச்சு. அதே வாரன் 1953ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி ஆனாரு, 1964ல அலபாமா வழக்கு ஒண்ணுல, ரெய்னால்ட்ஸ் எதிர் சிம்ஸ், எந்த மாநிலத்துலயும் ரெண்டு சபையும் ஜனத்தொகைப்படிதான் இருக்கணும், சட்டமன்ற உறுப்பினர் மனுஷங்களுக்குத்தான் பிரதிநிதி, மரத்துக்கும் ஏக்கருக்கும் இல்லன்னு தீர்ப்பு எழுதினாரு. கவர்னரா இருந்தப்ப காப்பாத்தின முறையை நீதிபதியா அவரே உடைச்சாரு. தப்புன்னு தெரிஞ்சப்புறம் மாத்திக்கிட்ட அந்த மனுஷனை நான் பெரிய ஆளாத்தான் பாக்கறேன். 1966 தேர்தல்ல லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்ட்டிக்கு ஒரு டஜனுக்கு மேல செனட்டர் வந்தாங்க. அதே வருஷம் எம்எல்ஏக்கள் முழுநேர வேலையா, வருஷா வருஷம் கூடற சபையா மாத்தவும் ஜனம் ஓட்டு போட்டுச்சு.

இப்ப தண்ணிக்கு திரும்பி வாங்க. 1959, 60ல வடக்கு செனட்டருங்க கைல பிடி இருந்தும், இந்தப் பிடி ரொம்ப நாள் நிக்காதுன்னு ரெண்டு பக்கமும் தெரிஞ்சிருந்துச்சு, பேரம் படிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

வாஷிங்டன்ல கலிஃபோர்னியாவுக்கு பவர் கூடிச்சா?

கூடிச்சு. பிரதிநிதிகள் சபை சீட்டு 1940கள்ல 23, அப்புறம் 30, 38, 43னு ஏறுச்சு, மொத்த சீட்டு 435ஐத் தாண்டாததால இங்க ஏறினா எங்கயோ இறங்கணும், நியூயார்க், பென்சில்வேனியா எல்லாம் இழந்தாங்க. 1952லேருந்து 1984 வரைக்கும் நடந்த ஒன்பது ஜனாதிபதி தேர்தல்ல ஏழுல ரிபப்ளிகன் ஜனாதிபதி, துணை ஜனாதிபதி வேட்பாளர்கள்ல நிக்சனோ ரீகனோ இருந்தாங்க. ரெண்டு பேருமே கலிஃபோர்னியா அரசியல்ல வளந்தவங்க.

டெமாக்ரட் பிரௌனை ஜெயிக்க வச்ச அதே ஜனம் எட்டு வருஷத்துல ரீகனை எப்படிக் கொண்டு வந்துச்சு? லாஜிக் இடிக்குதே?

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். டெமாக்ரட்னு பேர் பதிஞ்சவங்க எண்ணிக்கை 1930கள்லயே கூடிடுச்சு, ஆனா 1938ல ஒரே ஒரு தடவை தவிர கவர்னர் ரிபப்ளிகனாவே வந்தாங்க. காரணம் கிராஸ் ஃபைலிங்னு ஒரு முறை, ஒரே ஆள் ரெண்டு கட்சி உள்தேர்தல்லயும் நிக்கலாம், வாக்குச் சீட்டுல எந்தக் கட்சின்னு கூட இருக்காது. வாரன் 1946ல ரெண்டு கட்சி வேட்பாளராவும் அவரே ஜெயிச்சுட்டாரு! புதுசா குடி வந்தவங்களுக்கு யார் எந்தக் கட்சின்னே தெரியாது, தெரிஞ்ச பேருக்குப் போடுவாங்க. 1954லேருந்து கட்சிப் பேர் அச்சடிக்க ஆரம்பிச்சதும் நிலைமை மாறுச்சு. 1958ல ரிபப்ளிகன்ல கவர்னர் நைட்டும் அமெரிக்க செனட்டர் நோலண்டும் பதவியை மாத்திக்க நினைச்சு ரெண்டு பேருமே தோத்தாங்க, தொழிற்சங்கத்தை பலவீனப்படுத்தற ப்ராப் 18ம் தோத்துச்சு, பிரௌன் பெருசா ஜெயிச்சாரு. 1959ல கிராஸ் ஃபைலிங்கையே ஒழிச்சாங்க.

1966ல அதே பிரௌன் ரீகன் கிட்ட கிட்டத்தட்ட 10 லட்சம் ஓட்டுல தோத்தாரு. நடுவுல நடந்ததைப் பாருங்க: 1964ல பெர்க்லி மாணவர் போராட்டம், ப்ராப் 14, 1965ல வாட்ஸ். 1950ல ஜிஐ கடன்ல வீடு வாங்கின தொழிலாளி இப்ப வீட்டுச் சொந்தக்காரர், அவர் வீட்டு மதிப்பு, அவர் ஏரியா, அவர் கட்டற வரி, அவர் வரில படிக்கற பசங்க போராட்டம் பண்றாங்கங்கற கோபம், எல்லாம் சேந்துச்சு. எனக்குத் தெரிஞ்சு இங்க லாஜிக் இடிக்கல. அரசாங்க உதவியில மேல வந்தவர் மேல வந்ததும் வேற மாதிரி ஓட்டு போட்டாரு. 1967 ஜனவரிலயே ரீகன் இருந்த யூசி நிர்வாகக் குழு கிளார்க் கெரை வேலையை விட்டுத் தூக்குச்சு.

இன்னொண்ணு, அடிக்கடி வீடு மாறுற ஜனத்துக்கு வட்டம், மாவட்டம்னு கட்சி ஆள் கிடையாது. அதனால டிவியும் தேர்தல் ஆலோசகருங்களும் இங்கதான் முதல்ல பலம் பிடிச்சாங்க. நடிகர் ஒருத்தர் கவர்னர் ஆனது தமிழ் ஆளுங்களுக்கு ஆச்சரியமா இருக்காது, ஆனா ரீகனுக்கு நம்ம ஊர் மாதிரி ரசிகர் மன்றம் எல்லாம் இல்ல, ஸ்பென்சர்-ராபர்ட்ஸ்னு தொழில்முறை பிரச்சார கம்பெனிதான் நடத்துச்சு.

ஆரஞ்ச் கவுண்ட்டி மட்டும் ஏன் அவ்வளவு வலதுசாரி?

1950ல 2 லட்சத்து 16 ஆயிரம், 1970ல 14 லட்சம். ஆரஞ்சுத் தோப்பை வெட்டி டிஸ்னிலேண்ட் திறந்தது 1955ல. ராணுவ கான்ட்ராக்ட் கம்பெனி இன்ஜினியருங்க, நடு மாநிலங்கள்லேருந்து வந்த சர்ச் குடும்பங்க, கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அவங்களுக்கு கொள்கை மட்டும் இல்ல, வேலையும் அதுதான். ஆனா அரசாங்க செலவைத் திட்டின அந்த ஊரைக் கட்டினதே பாதுகாப்புத் துறை பணம்ங்கறதையும் சேத்தே சொல்லணும்.

புகை மூட்டம் ரொம்ப மோசமா இருந்துச்சாமே?

1943 ஜூலைல லாஸ் ஏஞ்சல்ஸ்ல கண்ணு எரிஞ்சு ஜனம் ஏதோ தாக்குதலோன்னு பயந்தாங்க. 1950கள்ல ஆரி ஹாகன்-ஸ்மித்ங்கற விஞ்ஞானி கார் புகையும் வெயிலும் சேந்துதான் இது உண்டாகுதுன்னு காட்டினாரு. 1967ல மாநிலம் முழுக்க காத்து வாரியம் வந்துச்சு, நாட்டுச் சட்டத்தை விடக் கடுமையா விதி போடற உரிமையையும் வாங்கிட்டாங்க. இன்னைக்கு காருக்கு ஸ்மாக் செக் (புகைப் பரிசோதனை) பண்றப்ப அலுத்துக்கறோம்ல, அதோட வேர் இது.

எப்ப "போதும், இனிமே யாரும் வராதீங்க"ங்கற மூட் வந்துச்சு?

ஒரே நாள்ல வரல. 1959ல சான் ஃபிரான்சிஸ்கோ நகரசபை திட்டம் போட்டிருந்த பத்து ஃப்ரீவேல ஏழு ஃப்ரீவேயை வேண்டாம்னு தூக்கிப் போட்டுச்சு. 1960கள்ல சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவை மண் கொட்டி மூடறதைத் தடுக்க இயக்கம், 1965ல அதுக்குன்னு ஒரு கமிஷன், 1970ல சுற்றுச்சூழல் சட்டம் சீக்வா, 1972ல கடற்கரையைக் காப்பாத்த ப்ராப் 20. ஒவ்வொண்ணும் தேவையான காரியம், அந்த வளைகுடா இன்னும் தண்ணியா இருக்கறது அவங்களாலதான், நன்றி சொல்லணும்.

ஆனா அதே கருவியும், மேல சொன்னேனே அந்தந்த சிட்டியோட நில அதிகாரமும், பக்கத்துல அபார்ட்மென்ட் வரவிடாம தடுக்கவும் பயன்பட்டுச்சு. 1950ல தோட்டத்தை அழிச்சு கட்டின வீட்டுல குடிவந்தவங்க 1975ல ஊரோட தன்மை கெடும்னு சொன்னாங்க. வேலை கூடிட்டே போச்சு, வீடு அந்த அளவுக்குக் கட்டல. விலை ஏறினதுக்குப் பெரிய காரணம் இதுதான்.

எதுத்த வீட்டுத் தாத்தா என்னை விடப் பெரிய வீட்டுக்கு ஆயிரம் சொச்சம் டாலர் வரி கட்டறாரு, நான் இருபதாயிரம் கட்டறேன். இது எப்படி நியாயம்?

இதுதான் எல்லாரும் கேக்கற கேள்வி. ப்ராப் 13, 1978 ஜூன், கிட்டத்தட்ட 65 சதவீதம் ஓட்டு. வரி மதிப்புல 1 சதவீதம்தான் (அதுக்கு மேல உள்ளூர் கடன் பத்திரத்துக்குக் கொஞ்சம்), பழைய வீடுகளுக்கு மதிப்பு 1975 அளவுக்குத் திரும்பப் போகும், வருஷம் 2 சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாது, வீடு கை மாறினா மட்டும் வாங்கின விலைக்கு மாறும். தாத்தா மதிப்பு 1975ல நிக்குது, உங்களுது போன வருஷ விலைல.

அவங்க பக்க நியாயமும் கேக்கணும். 1970கள்ல விலைவாசி தறிகெட்டு ஏறுச்சு, வீட்டு மதிப்பு ஏறினதும் வரி ரெட்டிப்பு மூணு மடங்குனு வந்துச்சு, பென்ஷன்ல இருந்தவங்க வரி கட்ட வீட்டையே விக்கணுமோன்னு நடுங்கினாங்க. மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோல கோடிக்கணக்குல உபரி பணம் கிடந்துச்சு, நிவாரணம் தராம இழுத்தாங்க. அப்ப கவர்னர் ஜெரி பிரௌன், பேட் பிரௌன் மகன். முதல்ல எதிர்த்தாரு, ஜெயிச்சதும் அவரே அமல்படுத்தினாரு. ஹோவர்ட் ஜார்விஸ்ங்கறவர் கையெழுத்து வாங்கி ஓட்டுக்குக் கொண்டு வந்த இந்த ப்ராப் 13னால உள்ளூர் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் வருமானம் பாதிக்கு மேல விழுந்துச்சு.

என் கருத்தைக் கேட்டா, பயம் நியாயம், வைத்தியம் தப்பு. வயசானவங்களைக் காப்பாத்த வேற வழி இருந்துச்சு. இது பெரிய கம்பெனி நிலத்துக்கும் அதே சலுகை கொடுத்துச்சு, புதுசா வர்றவங்க தலைல பாரத்தை ஏத்துச்சு, மாநில வரியை ஏத்த மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்னு சட்டசபை கையைக் கட்டுச்சு. சிட்டிகளும் வீடு கட்டவிட்டா செலவு, கடை கட்டவிட்டா சேல்ஸ் டாக்ஸ்னு கணக்கு போட ஆரம்பிச்சாங்க. தாத்தா மேல கோபப்படாதீங்க, அவரு சட்டத்துல உள்ளதைத்தான் கட்டறாரு.

அப்ப நம்ம ஆளுங்க எப்ப வந்தோம்? நம்மளையும் வராதேன்னு சொன்னாங்களா?

1965ல நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்த குடியேற்றச் சட்டம்தான் கதவு. ஆசியா, லத்தீன் அமெரிக்காவுலேருந்து அடுத்த அலை வந்துச்சு. 1994ல ப்ராப் 187, ஆவணம் இல்லாதவங்க பிள்ளைங்களுக்கு ஸ்கூல் கூடாது, அவசரம் இல்லாத மருத்துவம் கூடாதுன்னு, கவர்னர் பீட் வில்சன் ஆதரவோட 59 சதவீதம் ஓட்டுல ஜெயிச்சுச்சு. கோர்ட் நிறுத்திடுச்சு. ஆனா அந்தக் காயத்துல லத்தினோ குடும்பங்க ஆயிரக்கணக்குல குடியுரிமை வாங்கி ஓட்டு பதிஞ்சாங்க, ரீகன் மாநிலம் டெமாக்ரட் கோட்டையா மாறினதுல அதுக்கு பெரிய பங்கு.

இப்ப எல்லாரும் டெக்சஸ் போறாங்களே, இந்தக் கதை முடிஞ்சுதா?

2020 சென்சஸுக்கு அப்புறம் கலிஃபோர்னியாவோட பிரதிநிதிகள் சபை சீட்டு 53லேருந்து 52 ஆச்சு, மாநிலம் உருவானதுலேருந்து சீட்டு குறைஞ்சது இதுதான் முதல் தடவை. அதே சென்சஸ்ல டெக்சஸுக்கு ரெண்டு கூடிச்சு. போறவங்களைக் கேட்டா பாதிப் பேர் வீட்டு விலைனுதான் சொல்றாங்க.

2021ல எஸ்பி 9னு ஒரு சட்டம், தனி வீடு மட்டும்னு இருந்த ப்ளாட்டுல ரெண்டு வீடு கட்டலாம், ப்ளாட்டைப் பிரிக்கலாம்னு. எங்க தெருவுல ஒருத்தர் பின்பக்கம் சின்ன வீடு கட்ட ஆரம்பிச்சதும் பார்க்கிங் போயிடும், நிழல் விழும்னு புகார் வந்துச்சு. என்கிட்டயும் கையெழுத்து கேட்டாங்க, கேட்டவங்கள்ல நம்ம தமிழ் ஆளுங்களும் இருந்தாங்க. நான் போடல. மேல உள்ளதை எல்லாம் அவங்ககிட்ட சொல்ல ஆரம்பிச்சேன், லேக்வுட்டுக்கு வர்றதுக்குள்ள டின்னருக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாங்க, அதான் இப்ப எழுதி அனுப்பறேன்.